குடிக்கூலி தருவோரும் குடிகளே

"வாடகைக்கு வந்தவர்களால் ஊர் கெட்டுவிட்டது." திருப்பெரும்புதூரின் பழைய வீதிகளிலும், ஒரகடம் செல்லும் சாலையோர ஊர்களிலும் இந்தப் பேச்சு நம் காதில் விழாத நாளில்லை. தேநீர்க் கடையில் கேட்கிறோம்; நியாயவிலைக் கடை வரிசையில் கேட்கிறோம்; ஏன், ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நிற்கும்போதும் கேட்கிறோம். சொல்பவர்கள் தீயவர்கள் அல்லர். தாம் பிறந்து வளர்ந்த தெரு கண்ணெதிரே சீரழிவதைக் காணப் பொறாதவர்கள். சாக்கடை வழிந்தோடுகிறது, மூலைக்கு மூலை குப்பை குவிகிறது, கோலம் காணாத வாசல்கள் பெருகிவிட்டன. இவை யாவும் உண்மை. ஆயினும் குற்றவாளி யார் என்று அவர்கள் கூறும் தீர்ப்பு தவறானது. தவறானது மட்டுமன்று, அநீதியானது என்பதே நம் கருத்து. அதனைத் தயக்கமின்றி இங்கே சொல்ல விழைகிறோம்.

திருப்பெரும்புதூர் நேற்று முளைத்த ஊரன்று. இராமாநுசர் 1017ஆம் ஆண்டில் இங்குப் பிறந்தார் என்பது மரபு. அவருடைய ஆயிரமாவது ஆண்டு 2017இல் கொண்டாடப்பட்டது. ஆதிகேசவப் பெருமாள் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளும், அவற்றின் ஓட்டு வீடுகளும், வழிப்போக்கர் அமர்ந்து இளைப்பாறிய திண்ணைகளும் பல தலைமுறைகளின் வாழ்க்கையைக் கண்டவை. அவ்வூரைச் சுற்றி இன்னொரு நகரம் முப்பதாண்டுகளுக்குள் எழுந்தது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது. 2006இல் நோக்கியாவின் கைப்பேசி ஆலை திறக்கப்பட்டது. 2010இல் ஒரகடத்தில் மற்றொரு பெரிய கார் ஆலை வந்தது. கண்ணாடி, டயர், மின்னணுப் பொருள்கள் என ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாய் அணிவகுத்தன. அவற்றுக்கு நிலம் தேடப்பட்டது, நீர் தேடப்பட்டது, மின்சாரம் தேடப்பட்டது, சாலை அகலப்படுத்தப்பட்டது. அங்கு உழைக்க வருபவர் இரவில் எங்கே தலை சாய்ப்பார் என்ற கேள்வியை மட்டும் நெடுங்காலம் எவரும் கேட்கவில்லை. அக்கேள்விக்கு விடையளித்தவை இந்தப் பழைய வீடுகளே.

எவ்வாறு விடையளித்தன? ஐந்து பேர் வாழ்ந்த வீட்டின் பிள்ளைகள் படித்துச் சென்னைக்கும் பெங்களூருக்கும் கடல் கடந்தும் போயினர். கூடம் இரண்டாகத் தடுக்கப்பட்டது. மாட்டுத் தொழுவம் அறையாயிற்று. மாடியில் தகரக் கூரை ஏறியது. திருவண்ணாமலையிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த இளைஞர்கள் அறைக்கு அறுவராகவும் எண்மராகவும் தங்கினர். பகற்பணிக்குச் சென்றவர் விரித்த பாயிலேயே இரவுப்பணி முடித்தவர் படுக்கிறார். ஐந்து பேருக்காகத் தோண்டிய கழிவுத்தொட்டி முப்பது பேரைத் தாங்குமா? தாங்காது. நிரம்புகிறது, வழிகிறது, தெருவுக்கு வருகிறது. தெருவில் நின்று மூக்கைப் பிடித்துக்கொண்டு, "வந்தவர்கள் அசுத்தம் செய்கிறார்கள்" என்கிறோம்.

நாம் கேட்கிறோம்: அந்தத் தொட்டியைப் பெரிதாக்க வேண்டியவர் யார்? மாதந்தோறும் வாடகை தருபவரா, அதனைப் பெறுபவரா? வாடகை முறையாக வங்கிக் கணக்கில் சேர்கிறது. அதில் பத்தில் ஒரு பங்கேனும் அந்த வீட்டின் சுவருக்கோ, அந்தத் தெருவின் கால்வாய்க்கோ திரும்பி வருகிறதா? நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தத் தமிழக அரசு 2017இல் ஒரு சட்டம் இயற்றியது. அது 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. கட்டடத்தின் அடிப்படைப் பழுதுகள், வெள்ளையடித்தல், குழாய் மாற்றுதல், மின்கம்பிகள் ஆகியவை வீட்டுக்காரர் பொறுப்பு. அன்றாடச் சிறு பழுதுகளும் கழிவுநீர்ப் பாதையைத் துப்புரவாக வைப்பதும் குடியிருப்பவர் பொறுப்பு என அச்சட்டத்தின் நோக்கு நேரிய பிரிவினையாகவே இருக்கிறது. ஆனால் எழுத்தில் ஓர் ஒப்பந்தமும் இல்லாமல், இடைத்தரகரின் வாய்ச்சொல்லில் அறை பெற்ற இளைஞன் எந்தத் தாளைக் காட்டித் தன் நியாயத்தைக் கேட்பான்?

இந்த மனப்போக்குக்கு ஆயிரம் ஆண்டு வயது. இதே காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் உள்ளன. முதலாம் பராந்தகன் காலத்தில், ஏறத்தாழ 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அவை நம் ஊராட்சி மரபின் பெருமையாகப் பள்ளிப் பாடங்களில் இடம்பெறுகின்றன. முப்பது குடும்புகள், குடவோலைத் தேர்வு, ஏரியைக் காக்க ஏரி வாரியம், தோட்டங்களைக் காக்கத் தோட்ட வாரியம். பெருமைப்படத்தக்க ஏற்பாடுதான். ஆனால் வாரியத்துக்குப் பெயர் எழுதப்படும் தகுதிகளையும் சேர்த்துப் படிக்கவேண்டும். கால்வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் இருக்கவேண்டும், சொந்த மனையில் வீடு கட்டியிருக்கவேண்டும், வேதம் கற்றிருக்கவேண்டும். மனையற்றவர்க்கு ஓலை இல்லை. குடம் உடைந்து எத்தனையோ நூற்றாண்டுகள் ஆயின. அந்த ஒரு விதி மட்டும் எழுதப்படாமலேயே நம் தெருக்களில் இன்றும் உயிரோடு இருக்கிறது. தெருவின் நல்லது கெட்டதைப் பேசக் கூடும்போது, வாடகைக்கு இருப்பவரை யாரேனும் அழைக்கிறோமா?

நாட்டின் சட்டமோ நேர்மாறாகப் பேசுகிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பதற்கு 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் வைத்த அளவுகோல், ஒருவர் அவ்விடத்தில் வழக்கமாக வசிக்கிறாரா என்பதே. அங்கு ஒரு வீடு சொந்தமாக இருக்கிறது என்ற காரணத்தால் மட்டும் ஒருவரை அவ்வூரில் வசிப்பவராகக் கருதலாகாது என்றும் அச்சட்டம் வெளிப்படையாகக் கூறுகிறது. சட்டத்தின் கண்ணுக்குத் தெரிபவர் வசிப்பவர். நம் கண்ணுக்குத் தெரிபவர் பட்டா வைத்திருப்பவர். ஊரின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ளவர்களே கிராம சபையின் உறுப்பினர்கள். ஆண்டுக்கு ஆறு நாட்களில் அச்சபை கூடுகிறது; அவற்றுள் ஒன்று மே முதல் நாள். தொழிலாளர் பெயரால் அமைந்த அந்நாளில், தொழிலாளரால் நிரம்பிய ஊர்களில், அவர்களில் எத்தனை பேருக்கு அங்கு உறுப்பினராக அமரும் உரிமை இருக்கிறது? அவ்வுரிமையைப் பெறலாம் என்பதையேனும் எவரும் அவர்களுக்கு எடுத்துச் சொன்னதுண்டா?

"அந்தக் காலத்தில் எங்கள் தெரு எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா?" என்று ஏங்குவோரிடம் இன்னொன்றும் சொல்லவேண்டியிருக்கிறது. அந்த அழகை யார் உழைப்பால் பெற்றோம்? வீதியைப் பெருக்கியவரும், கால்வாயில் இறங்கியவரும், செத்த மாட்டை இழுத்துச் சென்றவரும் அவ்வீதியில் குடியிருக்கவில்லை, சேரியில் இருந்தார்கள். அவர்கள் கை பட்டால்தான் தெரு தூய்மையாகும். கால் பட்டால் தீட்டாகும். இந்தக் கணக்கின் மேல் எழுந்த அழகைப் பொற்காலம் என்று போற்ற நமக்கு மனம் வரவில்லை. அக்கணக்கு இன்னும் தீரவுமில்லை. 2022 அக்டோபரில் திருப்பெரும்புதூரில் ஒரு தனியார் விடுதியின் கழிவுநீர்த் தொட்டியில் இறங்கிய மூன்று தொழிலாளர்கள் மூச்சடைத்து மாண்டனர். மனிதரைக் கொண்டு மலம் அகற்றுவதைத் தடை செய்த 2013ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அப்போது ஒன்பது வயது. நம் தெருவின் தூய்மைக்காக யாரோ ஒருவர் சாகலாம் என்ற எண்ணம் மாறாதவரை, எத்தனை பேர் வந்தாலும் போனாலும் ஊர் ஊராகாது.

பொதுப் பராமரிப்புக்குத் தமிழில் ஓர் அருமையான சொல் உண்டு: குடிமராமத்து. ஏரிக்கரையை உயர்த்துவதும், மதகைச் செப்பனிடுவதும், வரத்துக்கால்வாயைத் தூர்வாருவதும் அவ்வேரியால் வாழும் குடிகளின் கூட்டுக் கடமை என்பது அதன் பொருள். ஆங்கிலேயர் 1858இல் அவ்வழக்கத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தனர். உழைப்பைத் தர மறுப்போரிடம் தண்டம் வாங்கலாம் என்றார்கள். உள்ளத்திலிருந்து வந்த கடமையைத் தண்டத்தால் காக்க இயலவில்லை. 2017இல் தமிழக அரசு குடிமராமத்து என்ற பெயரையே சூட்டித் திட்டமொன்றை அருகிலுள்ள மணிமங்கலம் ஏரிக்கரையில் தொடங்கியது. பணம் வந்தது, பொக்லைன் வந்தது. குடிகள் வந்தார்களா என்பதே நம் கேள்வி. ஊரில் உறங்கும் பெருந்தொகையினரைக் குடிகள் என்றே கருதாத இடத்தில், குடிமராமத்துக்குக் குடிகளை எங்கிருந்து அழைப்பது?

"இன்று இருப்பார்கள், நாளை போய்விடுவார்கள், அவர்களுக்கு ஊரைப் பற்றி என்ன அக்கறை?" என்பது அடுத்த வாதம். ஓரளவு உண்மையே. நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டபோது, அதை நம்பி வந்தவர்கள் மூட்டை கட்ட நேர்ந்தது. ஆனால் அவர்கள் விரும்பிப் போகவில்லை. வேலை அவர்களைத் துரத்தியது. மேலும், ஆள் மாறலாம், அறை காலியாவதில்லை. ஒருவர் போன பாயில் இன்னொருவர் படுக்கிறார். முப்பதாண்டுகளாகத் தொடர்ந்து நிரம்பியிருக்கும் ஒரு மக்கள் கூட்டத்தைத் தற்காலிகமானது என்று எவ்வளவு காலம் சொல்லிக்கொண்டிருப்போம்? வந்தவர் ஊரைப் பேணமாட்டார் என்பதற்கு இவ்வூரின் தலைமகனே மறுப்பாக நிற்கிறார். பெரும்புதூரில் பிறந்த இராமாநுசர் காஞ்சியில் கற்றார், திருவரங்கத்தில் குடியேறினார், மேலக்கோட்டையில் பல ஆண்டுகள் வாழ்ந்தார். திருவரங்கத்துக் கோயிலின் நிருவாகத்தைச் சீர்செய்தவர் அங்குப் பிறந்தவர் அல்லர், வந்து சேர்ந்த இவரே என்பது அக்கோயில் மரபு. "நீர் வெளியூர்க்காரர், ஒதுங்கியிரும்" என்று அரங்கம் சொல்லியிருந்தால், எவரை இழந்திருக்கும்?

தொழிலாளரைத் தனியே குடியமர்த்திவிட்டால் தொல்லை தீரும் என்பது இன்னொரு வழி. 2021 டிசம்பரில் ஒரு மின்னணு ஆலையின் பெண் தொழிலாளர் தங்கிய விடுதியில் உணவு நஞ்சாகி, நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவர்தம் தோழியர் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து நீதி கேட்டனர். அந்தக் குரல் கேட்ட பின்னரே அவர்கள் உறங்கும் இடத்தின் நிலையை நாடு திரும்பிப் பார்த்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706 கோடியே 50 இலட்சம் ரூபாய்ச் செலவில் 18,720 பெண்கள் தங்கத்தக்க குடியிருப்பு திறக்கப்பட்டது. வரவேற்கத்தக்க செயல், மறுப்பதற்கில்லை. நல்ல கூரையும் நல்ல உணவும் எவருடைய கருணையுமல்ல, உரிமை. ஆனால் கூரை கிடைத்துவிட்டால் ஊர் கிடைத்துவிடாது. நோய் வந்தால் கஞ்சி கொண்டுவரும் அடுத்த வீட்டு அம்மாவும், திருவிழாவுக்கு வரி கேட்டு வரும் தெருக்காரரும், "சாப்பிட்டாயா தம்பி" என்று கேட்கும் கடைக்காரரும் சேர்ந்ததே ஊர். அதனை ஆலையும் அரசும் கட்டித்தர இயலாது. நாம்தான் தரவேண்டும்.

பிறரைச் சுட்டும் விரலை நம்மை நோக்கியும் திருப்புவோம். நம் அன்பியங்களைக் குடும்பங்களின் எண்ணிக்கையால் கணக்கிடுகிறோம். ஆறு இளைஞர் தங்கிய அறை எந்தக் குடும்பத்தில் சேரும்? ஞாயிறன்று கடைசி வரிசையில் நின்று, செபத்தைத் தம் தாய்மொழியில் முணுமுணுத்துவிட்டுப் போகும் அந்தப் பிள்ளைகளின் பெயர் நம் பங்கின் எந்தப் பதிவேட்டில் உள்ளது? அந்நியனாக இருந்தேன், என்னை ஏற்றுக்கொண்டீர்களா என்று கேட்கப்படும் நாளில், "ஆண்டவரே, அவர் வாடகைக்கு இருந்தார்" என்றா விடை சொல்வோம்?

செய்யவேண்டியவை பெரியவை அல்ல. தெருக்கூட்டம் மாதம் ஒருமுறை கூடட்டும். பணிமுறை முடிந்து வருவோர்க்கு ஏற்ற வேளையில் கூடட்டும். அறைக்கு ஒருவரேனும் அதில் அமரட்டும். தமிழ் தெரியாதவர்க்குத் தெரிந்தவர் எடுத்துச் சொல்லட்டும். வாடகை பெறுவோர் ஒரு பங்கை வீட்டுக்கும் தெருவுக்கும் ஒதுக்கட்டும். வெளியூரில் இருந்தாலும் கணக்குக் காட்டட்டும். நீண்டகாலம் தங்க எண்ணுவோர் இங்கேயே வாக்காளராகப் பெயர் சேர்க்க, படித்த நம் இளையோர் துணை நிற்கட்டும். ஏரி தூர்வாரும் நாளில் பழைய குடியும் புதிய குடியும் ஒரே கூடையைப் பிடிக்கட்டும். அப்போது கடமையைக் கேட்க நமக்கு வாயுண்டு. உரிமை தராமல் கடமை கேட்பது குடிமராமத்து ஆகாது, வெட்டி வேலை வாங்குவதாகும்.

வீட்டு வாடகைக்கு நம் முன்னோர் வைத்த பெயர் குடிக்கூலி. அச்சொல்லிலேயே குடி இருக்கிறது. கூலியை மாதந்தோறும் தவறாமல் வாங்கிக்கொண்டு, குடியை மட்டும் வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்திருக்கிறோம். ஊர் கெட்டது வந்தவர்களால் அன்று. வந்தவர்களை ஊராக ஏற்க மறுத்த நம்மால்.