தடுப்பூசியால் தோள்பட்டைக் காயம்: இழப்பீட்டைத் தீர்மானிக்கும் முதல் 48 மணி நேரம்

தடுப்பூசி செலுத்திக்கொண்ட கையில் ஓரிரு நாள் வலி இருப்பது இயல்பே. ஆனால், அந்த வலி மாதக்கணக்கில் நீடித்து, கையை உயர்த்தவே முடியாத நிலை ஏற்பட்டால் இழப்பீடு யார் தருவது? இக்கேள்விக்கு அமெரிக்கா சட்டப்பூர்வமாக விடை கண்டுள்ளது.

தோளில் உரிய இடத்துக்குச் சற்று மேலே ஊசி இறங்கினால், மருந்து தசைக்குள் செல்லாமல் மூட்டைச் சூழ்ந்துள்ள திசுக்களில் அழற்சியை உண்டாக்கக்கூடும். அதாவது, கோளாறு ஊசி செலுத்திய முறையில் உள்ளது. மருந்தின் தரத்தில் அல்ல.

1986-ஆம் ஆண்டு சட்டத்தின்கீழ் அமைக்கப்பட்ட தேசிய தடுப்பூசி பாதிப்பு இழப்பீட்டுத் திட்டம் 1988 முதல் அங்கு செயல்படுகிறது. தடுப்பூசிகள் மீது, அவை தடுக்கும் நோய் ஒவ்வொன்றுக்கும் 75 சென்ட் வீதம் விதிக்கப்படும் வரியே இதற்கான நிதி. யாருடைய அலட்சியத்தையும் நிரூபிக்க வேண்டியதில்லை. வலி, வேதனைக்கான இழப்பீட்டின் உச்சவரம்பு 2.5 லட்சம் டாலர்.

தோள்பட்டைக் காயம் 2017-இல் இத்திட்டத்தின் பாதிப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதை நீக்கும் விதி 2021 ஜனவரியில் வெளியானபோதிலும், நடைமுறைக்கு வருமுன்பே ஏப்ரலில் திரும்பப் பெறப்பட்டது.

எனினும், நிபந்தனைகள் கடுமையானவை. ஊசி செலுத்திய 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கியிருக்க வேண்டும். அந்தத் தோளில் முன்பே பாதிப்பு இருந்திருக்கக் கூடாது. பொதுவாக, பாதிப்பு 6 மாதங்களுக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். முதல் அறிகுறி தோன்றிய 3 ஆண்டுகளுக்குள் மனு தாக்கல் செய்ய வேண்டும். இங்குதான் பலரும் தடுமாற நேர்கிறது. 'தானாகச் சரியாகிவிடும்' எனக் காத்திருந்து தாமதமாக மருத்துவரை அணுகுவோருக்கு, வலி தொடங்கிய நாளை நிறுவுவதே பெரும் சிக்கலாகிறது.

இந்தியாவில் நிலைமை வேறு. கரோனா தடுப்பூசிக்குப் பிந்தைய மரணங்கள் தொடர்பான வழக்கில், அரசை நேரடிப் பொறுப்பாக்க இயலாது என்றும், இழப்பீடு கோருவோர் உரிமையியல் நீதிமன்றத்தை நாடலாம் என்றும் மத்திய அரசு 2022 நவம்பரில் உச்சநீதிமன்றத்தில் தெரிவித்தது. அலட்சியத்துக்காக அவ்வாறு வழக்குத் தொடுத்தால், அதை நிரூபிக்கும் சுமை பாதிக்கப்பட்டவருடையது. மருத்துவச் செலவுக்கே திண்டாடும் குடும்பத்தால் அச்சுமையைத் தாங்குவது கடினம்.

எந்த நாடாயினும், எந்தக் கையில், எந்த நாளில் ஊசி செலுத்தப்பட்டது, வலி எப்போது தொடங்கியது என்பதை முதல் சிகிச்சையின்போதே மருத்துவக் குறிப்பில் பதியச் செய்வது அவசியம். பின்னாளில் கோரிக்கைக்கு ஆதாரமாக நிற்பது அக்குறிப்பே.