பாதை கடந்து வருகிறவர்கள்

கிழக்கு மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கும் மட்டக்களப்பு மேற்கு வலயக் கல்வி அலுவலகத்துக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பணிப்பாளர்களே,

இடமாற்றப் பட்டியல் வெளிவரும் நாட்களில், வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் ஏதாவதொரு பாடசாலை வாயிலில் பூட்டுத் தொங்கும். பெற்றோர் வெயிலில் அமர்ந்திருப்பார்கள். அவர்கள் பிடித்திருக்கும் மட்டையில் பெரும்பாலும் ஒரே கோரிக்கைதான்: பதிலீடு இல்லாமல் ஆசிரியரை எடுக்காதே. கோட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து வாக்குறுதி கொடுப்பார். பூட்டுத் திறக்கும். சில மாதங்களில் வேறோர் ஊரில் அதே காட்சி. அந்தப் பூட்டுத் தொங்குவதற்கு முன்பு பாடசாலைக்குள் என்ன நடந்தது என்பதைப் பற்றி உங்களோடு பேச வேண்டும்.

கிழக்கு மாகாண சபையின் ஆயுள் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்காகத் தேர்தல் இல்லை. முறையிட மக்கள் தெரிவுசெய்த மாகாணக் கல்வி அமைச்சர் ஒருவரும் இல்லை. ஆகவே இந்த மடல் நேரே உங்கள் மேசைக்கு வருகிறது.

எங்கள் மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. கடலோரம் எழுவான்கரை. மேற்கே வயலும் குளமும் காடுமாகப் படுவான்கரை. 1814இல் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரியும் 1929இல் விபுலாநந்த அடிகள் நிறுவிய சிவானந்த வித்தியாலயமும் பட்டினத்திலும் கல்லடியிலும்தான் எழுந்தன. இருநூறு ஆண்டுகளாகப் படிப்பு இந்தப் பக்கத்தில் குவிந்தது. படித்து ஆசிரியரானவர்களின் வீடுகளும் இந்தப் பக்கத்திலேயே அமைந்தன. அக்கரையில் கற்பிக்க இக்கரையிலிருந்து ஆள் போகவேண்டிய நிலை அப்படித்தான் உண்டாயிற்று. நேற்று வந்த சிக்கல் என்று யாரும் சொல்ல முடியாது.

எழுவான்கரையிலிருந்து அக்கரைக்குப் போகும் ஓர் ஆசிரியையின் காலையை எண்ணிப் பாருங்கள். நாலரைக்கு அடுப்பு மூட்ட வேண்டும். பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டி, சின்னவனைத் தாயிடம் விட்டு, ஆறு மணிக்குக் குருக்கள்மடம் துறைக்கு வர வேண்டும். பாதையில் ஏறி அம்பிளாந்துறையில் இறங்க வேண்டும். (வெளியூர் வாசகருக்கு: எங்கள் பக்கத்தில் பாதை என்றால் ஆளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவை.) வாடைக்காற்று உரத்து வீசினால் பாதை பிந்தும். மாரியில் வெள்ளம் ஏறினால் ஓடாது. இறங்கிய பிறகும் உட்கிராமத்துக்குப் பல கிலோமீற்றர் கிறவல் வீதி. விடியும் நேரத்தில் யானைகள் வயலை விட்டு முழுதாகக் காட்டுக்குத் திரும்பியிருக்கமாட்டா. பாடசாலையை அடையும்போது மணி 7.35. வரவுப் பதிவேட்டில் 7.30க்குச் சிவப்புக் கோடு கீறியாயிற்று. அவர் கோட்டுக்குக் கீழே ஒப்பமிடுகிறார். நாலரை மணி அடுப்பும், துறையில் காத்து நின்றதும், யானைப் பயமும் அந்த ஏட்டில் ‘பிந்தியவர்’ என்ற ஒரு சொல்லாகிவிடுகின்றன.

உள்ளே போனால் இரண்டு வகுப்புகள் ஒரே அறையில். விஞ்ஞானத்துக்கு நியமிக்கப்பட்டவர் வரலாறும் சுகாதாரமும் சேர்த்துக் கற்பிக்கிறார். பெண் ஆசிரியர்களுக்குத் தண்ணீர் வசதியோடு ஒரு மலசலகூடம் இல்லாத பாடசாலைகளில், அதற்காகவே அவர்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதைத் தவிர்க்கிறார்கள். இதை எழுத எனக்குக் கூச்சமில்லை. கேட்கிற நமக்குத்தான் கூச்சம் வரவேண்டும். பகல் முழுதும் தாகத்தோடு நின்று கற்பிக்கும் ஒருவரிடம் புலமைப்பரிசில் பெறுபேறு ஏன் குறைந்தது என்று விளக்கம் கேட்கிறோம்.

2014 ஏப்ரலில் ஜப்பானின் உதவியோடு கட்டிய மண்முனைப் பாலம் திறந்தபோது எல்லோரும் மகிழ்ந்தோம். நோயாளிக்கும் விவசாயிக்கும் அது பெரும் வரம். ஆசிரியர் பற்றாக்குறையும் அதோடு தீரும் என்று நம்பியவர்களில் நானும் ஒருவன். தீரவில்லை. வருவது எளிதானதுபோல் திரும்பிப் போவதும் எளிதாயிற்று. ஊரில் வாரம் முழுதும் தங்கிய ஆசிரியர்களைப் பழையவர்கள் நினைவுகூர்கிறார்கள். மாலையில் கோயில் வீதியில் அவர்களைக் காணலாமாம், மடித்த கொப்பியோடு பிள்ளைகள் அவர்கள் தங்கிய வீடு தேடிப் போவார்களாம். இன்று 1.30 மணியடித்ததும் புறப்பட்டுவிடுகிறார்கள். பாதையில் போகிறவர் துறைக்கு ஓடாவிட்டால் அடுத்த பாதைக்குக் காத்திருக்க வேண்டும்.

நான் அக்கரையில் ஆறு ஆண்டுகள் கற்பித்தவன். ஊர்ப் பெயர் வேண்டாம். முதல் மூன்று ஆண்டுகளும் என் சட்டைப் பையில் இடமாற்ற விண்ணப்பம் இருந்தது. நேரசூசி எங்களைக் கேட்காமல் வரும். கூட்டம் என்றால் குற்றப்பத்திரம் வாசிப்பதாக இருக்கும். இரவில் நித்திரை குறைந்தது. பிள்ளைகள் மீது காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன், அதை இப்போதும் மறக்க முடியவில்லை. நான்காம் ஆண்டில் புதிய அதிபர் வந்தார். முதல் நாள் எங்களிடம் அவர் கேட்ட முதற் கேள்வி, “பாதை எத்தனை மணிக்கு வருது?” தூரத்திலிருந்து வருபவர்களுக்கு முதற் பாடவேளையை ஒதுக்காமல் நேரசூசியை எங்களோடு இருந்தே மாற்றினார். உடைந்த கதிரைகள் கிடந்த களஞ்சிய அறையை ஊரார் துணையோடு துப்புரவாக்கி நான்கு கட்டில் போட்டார். சம்பளம் அதே, வாவி அதே, யானையும் அதே. நானும் இன்னும் இருவரும் எழுதி வைத்திருந்த விண்ணப்பங்களைக் கொடுக்கவேயில்லை.

இது ஒரு தனி மனிதரின் நற்குணத்தால் நடந்தது என்று விட்டுவிடலாம். ஆனால் உலகம் இதை ஆராய்ந்திருக்கிறது. அமெரிக்காவின் றிச்சார்ட் இங்கர்சோல் 2001இல் அந்நாட்டுப் பாடசாலைகளின் தரவுகளை ஆராய்ந்து எழுதினார். ஆசிரியர் பற்றாக்குறைக்குப் புதியவர்கள் போதாமை முதற் காரணமல்ல. ஓய்வு வயது வருமுன்பே ஆசிரியர்கள் பெருமளவில் விலகுவதே காரணம் என்றார். குறைந்த சம்பளத்தோடு நிர்வாகத்தின் ஆதரவின்மையும், முடிவெடுப்பதில் ஆசிரியருக்கு இடமில்லாமையும் அவர்களை வெளியே தள்ளுவதாகக் கண்டார். படுவான்கரை விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வரம்பில் நண்டு வளை இருக்கிற வயலுக்கு எவ்வளவு நீர் பாய்ச்சினாலும் விடியும்போது வயல் காய்ந்திருக்கும். தாழங்குடா கல்வியியற் கல்லூரியிலிருந்து தொகுதி தொகுதியாக இளம் ஆசிரியர்களை நீங்கள் பாய்ச்சுகிறீர்கள். வளையை அடைக்கவில்லை.

1959இல் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பேர்க் தொழிலாளர் மனநிலை பற்றிச் சொன்னதும் இங்கே பொருந்தும். வேலையில் நிறைவு தருவது வேலையின் உள்ளடக்கம். வெறுப்பைத் தருவது வேலைச் சூழல். ஒன்று மற்றொன்றை ஈடுசெய்யாது என்றார். அக்கரைப் பிள்ளைகள் மீது அன்பில்லாமல் போனவரை நான் கண்டதில்லை. “போயிராதீங்க டீச்சர்” என்று தாய்மார் கையைப் பிடிக்கும்போது அழுதுகொண்டே பாதை ஏறியவர்களைக் கண்டிருக்கிறேன். அன்பு இருந்தும் போனார்கள். கஷ்டப் பிரதேசக் கொடுப்பனவும் அவர்களைத் தடுக்கவில்லை.

இடமாற்ற விண்ணப்பத்தில் காரணமாகப் பெரும்பாலோர் எழுதுவது நோய், பிள்ளையின் படிப்பு, பெற்றோரின் முதுமை. உண்மையில் அவர்களைத் துரத்தியது உங்கள் கோவைக்கு வந்து சேர்வதேயில்லை. இன்னொரு வழியும் உண்டு: பெயர் அக்கரைப் பாடசாலையின் ஆளணியில் இருக்க, ஆள் ‘தற்காலிக இணைப்பில்’ இக்கரையில் இருப்பார். காகிதத்தில் நிறைவு, வகுப்பறையில் வெற்றுக் கதிரை. 2022இல் அரச ஊழியர் சம்பளமற்ற விடுப்பில் ஐந்து ஆண்டு வரை வெளிநாடு போகலாம் என்று சுற்றறிக்கை வந்தபோது, இடமாற்றம் கிடைக்காதவருக்கு இணைப்பைத் தாண்டியும் ஒரு வாசல் திறந்தது. கட்டாய சேவைக் காலத்தை நீட்டி அவரைப் பிடித்துவைக்கலாம் என்று நினைப்பது இனிச் செல்லாது.

நான் கேட்பவை பெரிய நிதி வேண்டியவை அல்ல. அக்கரைப் பாடசாலைகளின் சிவப்புக் கோட்டைப் பாதையின் நேரத்தோடு பொருத்தி, பிந்திய நிமிடங்களைப் பிற்பகலில் ஈடுசெய்ய அதிபருக்கு அதிகாரம் கொடுங்கள். இடமாற்றம் கேட்கும் ஒவ்வொருவரையும் அமரவைத்துப் பேசி, சொன்னதைப் பெயரின்றிப் பதிவுசெய்யுங்கள். ஒரே பாடசாலையிலிருந்து ஒரே குரல் திரும்பத் திரும்ப வந்தால் அங்கே போய்ப் பாருங்கள். பெண் ஆசிரியர்களின் மலசலகூடத்தை அடுத்த ஆண்டுத் திட்டத்தின் முதல் வரியாக்குங்கள். ஆசிரியர் விடுதி மட்டும் செலவு பிடிக்கும். ஆனாலும் தொலைவிடங்களில் பணிபுரியும் ஆசிரியருக்கும் குடும்பத்துக்கும் இலவசமாகவோ சலுகை வாடகையிலோ நல்ல வீடு கொடுக்க வேண்டும் என்று யுனெஸ்கோ – சர்வதேச தொழில் அமைப்பின் பரிந்துரை 1966 ஒக்டோபர் 5 அன்றே சொல்லிவிட்டது. உலக ஆசிரியர் தினம் அந்த நாளில்தான் கொண்டாடப்படுகிறது. படுவான்கரையிலேயே பிறந்து படித்த பிள்ளைகளைக் கல்வியியற் கல்லூரிக்கு அனுப்பி அவர்களைச் சொந்த ஊரிலேயே நியமிக்கும் வழியையும் விரிவாக்குங்கள். அவர்களுக்குப் பாதை ஏற வேண்டிய தேவையே இராது.

அடுத்த பட்டியலில் கையொப்பமிடுவதற்கு முன், மாரி காலத்தில் ஒரு திங்கட்கிழமை, வாகனத்தை வீட்டில் விட்டுவிட்டுக் குருக்கள்மடம் துறைக்கு வாருங்கள். முதற் பாதையில் ஆசிரியர்களோடு நின்று அக்கரை போய், 7.30க்குள் ஓர் உட்கிராமப் பாடசாலையின் பதிவேட்டில் ஒப்பமிடுங்கள். அன்று பகல் முழுதும் அங்கேயே இருங்கள்.

இப்படிக்கு,
படுவான்கரையில் கற்பித்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர்