முயலின் விலையும் உயிரின் விலையும்

சில பத்து வெள்ளிக்கு வாங்கிய முயலுக்குச் சில நூறு வெள்ளி செலவில் அறுவை மருத்துவமா என நகைப்போர் நம்மிடையே பலர். அவர்தம் கணக்குப் பிழையானது.

முயலின் 28 பற்களும் வாழ்நாள் முழுவதும் வளர்பவை. புல்லை மென்றால்தான் அவை தேயும். கூண்டில் அடைத்துக் குருணைத் தீவனமே தந்துவந்தால் பற்கள் நீண்டு கோணும். வேரில் கிருமி புகும். தாடையில் சீழ் கட்டும். அச்சீழ் தயிர்போல் கெட்டியானது; கீறிவிட்டால் வடியாது. கட்டியை அகற்றி, நோயுற்ற பல்லையும் பிடுங்க நேரும். வீட்டிலிருக்கும் அமாக்சிசிலினைப் புகட்டினாலோ, குடலின் நல்ல நுண்ணுயிர்கள் மடிந்து முயலே இறக்கக்கூடும்.

நோய்க்குப் பெரும்பாலும் நாமே காரணமாகிவிட்டு, மருந்துக்கு விலை பேசுவது எவ்வகை அறம்?

ஸ்ரீ கெம்பாங்கானில் வாழ்வோர் தொலைவையும் காரணம் காட்ட இயலாது. அருகிலுள்ள செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை உள்ளது. வளர்ப்பவரின் கடமையை 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டமும் வலியுறுத்துகிறது.

‘ஏழை என்செய்வான்?’ எனலாம். நியாயமான வினாவே. வேலியோரப் புல்லுக்கு விலையில்லை. அது நோயைத் தடுக்கும். நோய் முற்றி, பொருளும் இல்லையெனின், மருத்துவர் கையால் வலியற்ற முடிவேனும் தரலாம். உண்ண இயலாமல் பட்டினியால் சாகவிடுவது கொடுமை.

முல்லைக்குத் தேரீந்த பாரியை மாணவர்க்குப் போற்றி உரைக்கிறோம். முல்லை என்ன விலை என்று பாரி கேட்டானில்லை. வீட்டு முயலிடம் தோற்கும் அறத்தை வகுப்பறையில் வாழ்விக்க முடியாது.