வார நாளிலேயே வெளியே போகலாம்: ஆபீஸுக்கு முன்னால் இருக்கும் அந்த இரண்டு மணி நேரம்

“வேலை நாள்ல பறவை பார்க்கப் போறியா? உனக்கு மட்டும் எப்படிப்பா நேரம் கிடைக்குது?” வெளியில் சுற்றும் பொழுதுபோக்கு உள்ள எல்லோரும் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பாங்க. பாதி பேர் ஆசையா கேட்பாங்க. மீதி பேர் கேட்கிறதுக்குள்ள ‘இவனுக்கு ஆபீஸ்ல வேலை கம்மி போல’ என்ற தீர்ப்பு ஒளிஞ்சிருக்கும்.

ஜனவரி, பிப்ரவரி சென்னையை எடுத்துக்கோங்க. செவ்வாய் காலை பள்ளிக்கரணையில் பறவை, வியாழன் காலை ஈசிஆரில் சைக்கிள், வெள்ளி இரவு கடற்கரையில் ஆமை நடை, ஞாயிறு கோவளத்தில் சர்ஃபிங். நடுவில் ஐந்து நாள் முழு வேலை. இது செய்யக்கூடிய வாரம்தான். செய்ய வேண்டிய வாரம் என்றும் சொல்வேன்.

முதல் சிக்கல் சூரியன். வெளிநாட்டு வீடியோக்களில் ‘வேலை முடிஞ்சதும் ஒரு ஹைக்கிங் போங்க’ என்று அசால்ட்டா சொல்வாங்க. லண்டனில் ஜூன் மாதம் இரவு 9 மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும், அவங்க சொல்லலாம். சென்னையில் எந்த மாதமானாலும் மாலை 7 மணிக்கெல்லாம் இருட்டிவிடும். 7 மணிக்கு லாக் அவுட் பண்றவங்களுக்கு மாலை வெளிச்சம் என்ற ஒன்றே கிடையாது. ஆனால், காலை 6.40-க்குள் வருஷம் முழுக்க விடிஞ்சிடும். பத்து மணி ஷிஃப்ட் என்றால் இரண்டு மணி நேரம் கையில் இருக்கு. நம்ம ஊர் ஹாபி காலை ஹாபிதான். வெயில் மாதங்களில் அதுவும் எட்டு மணியோடு சரி.

இரண்டாவது, தூரம். ஓஎம்ஆரில் வேலை செய்பவர்களில் எத்தனை பேர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை நின்று பார்த்திருப்பாங்க? துரைப்பாக்கம் - பல்லாவரம் சாலை அதை வெட்டிக்கொண்டுதான் போகுது. 2022-இல் ராம்சர் அங்கீகாரம் பெற்ற இடம். பூநாரை, கூழைக்கடா, நீலத் தாழைக்கோழி எல்லாம் நாம ட்ராஃபிக்கில் ஹாரன் அடிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கு. லீவு போட்டு மலைக்குப் போனால்தான் இயற்கை என்று நினைப்பது நம்ம பழக்கம், அவ்வளவுதான்.

ஆமை நடை வேற ரகம், கொஞ்சம் உடம்பை வாங்கும். மாணவர் கடல் ஆமை பாதுகாப்பு அமைப்பு (எஸ்எஸ்டிசிஎன்) 1988 முதல் சென்னைக் கடற்கரையில் இதைச் செய்து வருது. பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடும் பருவத்தில் தன்னார்வலர்கள் இரவில் கிலோமீட்டர் கணக்கில் மணலில் நடந்து, முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பான பொரிப்பகத்துக்கு மாற்றுறாங்க. ஒரு கூட்டில் நூறு முட்டை சாதாரணம். பொரிக்க ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். வார இறுதி இரவுகளில் பொதுமக்களும் கூட நடக்கலாம். ஆமையே வராத இரவுகள் நிறைய இருக்கும், சொல்லிட்டேன். 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கான ஆமைகள் சென்னைக் கரையில் செத்து ஒதுங்கினப்போ, நடந்து எண்ணியவர்களில் இந்தத் தன்னார்வலர்களும் உண்டு.

‘இதெல்லாம் டைம் பாஸ்’ என்பவர்களுக்கு ஒரு தகவல். இந்தியப் பறவைகளின் நிலை குறித்த 2023 அறிக்கை, 30,000-க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் இபேர்ட் தளத்தில் பதிந்த சுமார் 3 கோடி பதிவுகளின் அடிப்படையில் வந்தது. அதில் 178 பறவை இனங்களுக்கு உடனடிக் கவனம் தேவை என்று தெரிய வந்தது. அந்தப் பதிவுகளில் பல, யாரோ ஆபீஸ் போகும் முன் கால் மணி நேரம் நின்று எண்ணியவைதான்.

சரி, அப்ப ஏன் எல்லோராலும் முடியல? ‘மனசு வெச்சா முடியும்’ என்று சொல்வதை நான் ஏத்துக்க மாட்டேன். 2023-இல் நாராயண மூர்த்தி வாரம் 70 மணி நேர உழைப்பைப் பற்றிப் பேசினார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவரின் பேச்சால் அது 90 ஆச்சு. வாரத்துக்கு ஆறு நாள் வைத்தாலும் தினம் 15 மணி நேரம். இதில் விடியற்காலை எங்கே, தூக்கம் எங்கே? 1923-இல் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியது இதே சென்னைக் கடற்கரையில்தான். நூறு வருஷம் கழித்து, 2023 ஏப்ரலில், ஒரு நாளில் 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழிவிடும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா நம்ம சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு வந்ததும் மே 1 அன்று திரும்பப் பெறப்பட்டது. எட்டு மணி நேர வேலை என்ற எல்லை இருந்தால்தான் செவ்வாய்க்கிழமைப் பறவை சாத்தியம்.

எல்லை இருந்தும் முடியாதவங்க இருக்காங்க. காலை 6 மணிக்கு நான் சைக்கிளை எடுக்கும்போது, என் வயசுப் பெண்கள் பலர் சமையலறையில் இருப்பாங்க. இருட்டில் தனியாகக் கிளம்ப யோசிக்க வேண்டிய நிலை இன்னும் இருக்கு. டெலிவரி பாய்க்கு நாள் முழுக்க அவுட்டோர்தான், அதை யாரும் ஹாபின்னு சொல்ல மாட்டோம். அதனால, மேனேஜரிடம் வார இறுதி டீம் அவுட்டிங் கேட்பதைவிட, வாரத்தில் இரண்டு நாள் ஷிஃப்ட்டை ஒரு மணி நேரம் தள்ளித் தொடங்கக் கேட்பது எல்லோருக்கும் உபயோகமான கோரிக்கை என்று நினைக்கிறேன். கூடவே கடற்கரைச் சாலைகளில் விடியும் வரை எரியும் விளக்கும், நாலரை மணிக்கே ஓடும் பஸ்ஸும்.

எங்கே ஆரம்பிக்கிறதுன்னு தெரியாதவங்களுக்கு: தமிழ்நாட்டில் பொங்கலை ஒட்டி நாலு நாள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். 15 நிமிஷம் போதும். மொட்டை மாடியில் நின்று காக்காவையும் மைனாவையும் எண்ணினாலும் கணக்கில் சேரும்.