காலுக்கு மட்டும் சீட்டு

"சேரிப் பசங்களுக்கு ஓட்டம் ரத்தத்திலேயே இருக்கு சார்." பந்தாட்டத் தேர்வு நடக்கும் மைதானங்களின் ஓரத்தில், விசிலோடு நிற்பவர்கள் வாயிலிருந்து இதை எத்தனையோ தடவை கேட்டாயிற்று. பாராட்டு என்று நினைத்துத்தான் சொல்கிறார்கள். இது பாராட்டு இல்லை தோழர்களே. வருஷக்கணக்காக விடிகாலையில் எழுந்து ஒருவன் உழைத்துச் சம்பாதித்ததைப் பிறப்பின் கணக்கில் வரவு வைக்கிற வேலை. ஒருத்தனுக்கு மூளை, இன்னொருத்தனுக்கு உடம்பு என்று பங்கு பிரித்தவர்கள் அதே பேரேட்டை இன்னும் மூடவில்லை.

வியாசர்பாடியைப் பத்திரிகைகள் 'குட்டி பிரேசில்' என்று எழுதிச் சந்தோஷப்படுகின்றன. 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலின் ஒரே கோலை அடித்த நந்தகுமார் சேகர் வடசென்னைப் பிள்ளை. அந்த கோல் எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னால் கிடந்த உழைப்பைப் பற்றிப் பேச்சே இல்லை.

நாம் பேசுவோம். காசில்லாதவன் கல்லூரி அணிக்கு எப்படித் தயாராவது? டர்ஃபை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறான், அது நமக்கில்லை. ஒரு சுவர் போதும் தம்பி. சுவர் களைக்காது, சாதி கேட்காது, அனுப்பியதைத் திருப்பி அனுப்பும். பத்தடி தள்ளி நின்று வலது காலால் நூறு, இடது காலால் நூற்றைம்பது. இடதுக்கு ஏன் கூட? எதிராளி உன் வலதை அடைத்ததும் பந்து பறிபோகிறதே, அதற்கு. வருகிற பந்தை நிறுத்திவிட்டு அப்புறம் யோசிப்பது தெருப் பழக்கம். முதல் தொடுதலிலேயே அடுத்து போக வேண்டிய பக்கம் தள்ளிவிடணும். பந்து வருமுன் தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை. சந்தில் நாலு பேரைச் சுற்றி ஏமாற்றத் தெரிந்த நம் பையன்கள் பெரிய மைதானத்தில் திணறுவது இந்த இடத்தில்தான்.

நூறு மீட்டர் நீள மைதானம் வேறு உலகம். 90 நிமிஷத்தில் பத்து கிலோமீட்டர் ஓட வேண்டிவரும், அதுவும் சீராக இல்லை, பாய்ந்தும் நின்றும் திரும்பியும். பீச்சில் மெதுவோட்டம் ஓடிவிட்டுத் திருப்திப்பட்டால் பத்தாது. ரெண்டு செருப்பை 20 மீட்டர் இடைவெளியில் போடு. போய்த் திரும்பு, பத்து விநாடி மூச்சு வாங்கு, மறுபடி ஓடு, ஒவ்வொரு வாரமும் வேகத்தைக் கூட்டு.

முட்டி போனால் ஸ்கேனுக்குத் துட்டு கிடையாது. அதனால் ஃபிஃபாவின் '11+' என்கிற இருபது நிமிஷ உடற்பயிற்சியை விடாதே. கருவி எதுவும் வேண்டாம். நார்வேயில் பெண் பிள்ளைகளிடம் செய்து 2008-ல் வெளியான ஆய்வில், இதைச் செய்தவர்களுக்குக் காயம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

சாப்பாட்டுக்கு டப்பா மாவு விற்பவனிடம் போகாதே. வேர்க்கடலை, அவித்த முட்டை, பிறகு வெளியே சொல்லக் கூச்சப்பட வைத்தார்களே அந்த மாட்டுக்கறி. புரதமும் இரும்புச்சத்தும் அதில் இருக்கிறது. (தங்கச்சிகளுக்குச் சுவர்கூடக் கிடைப்பதில்லை. அவர்கள் பயிற்சி செய்ய வேண்டிய நேரத்தில்தான் குழாயில் தண்ணி வருகிறது. அண்ணன்கள் குடத்தைத் தூக்கட்டும்.)

இத்தனையும் செய்து முடித்தாலும் பாதிதான். வங்கிக் கவுண்டரில் தாள் புரட்டிப் பிழைக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: தாளில் ஏறாத திறமையை இங்கே யாரும் எண்ணமாட்டார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் வேண்டுமென்றால் மாவட்டம், மாநிலம் என்று ஆடிய சான்றிதழ் வேண்டும். தெருக் கோப்பைக்கு அங்கே மதிப்பில்லை. ஆகவே ஒன்பதாம் வகுப்பிலேயே பி.டி. மாஸ்டரை நச்சரித்துப் பள்ளி அணியில் பெயர் ஏற்று. பள்ளியில் அணியே இல்லையென்றால் அதைக் கேட்க வேண்டியது பையன் இல்லை, நம் இயக்கத் தோழர்கள். எத்தனை கிளைகளில் இது கோரிக்கையாகப் பேசப்பட்டிருக்கிறது?

ஐ.எம். விஜயன் திருச்சூர் மைதானத்தில் சோடா விற்றவர், 2025-ல் பத்மஸ்ரீ. இந்தக் கதையைச் சொல்லி 'திறமை இருந்தா தானா மேல வரும்' என்கிறார்கள். 17 வயதில் கேரளக் காவல்துறை அணி அவரைச் சேர்த்துக்கொண்டதை அவசரமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அரசாங்கத் துறை ஒன்று கை கொடுத்தது, அதையும் சேர்த்துச் சொல்.

கிரிக்கெட்டில் பல்வங்கர் பாலூ. பூனாவில் மைதானம் சீர்செய்யும் கூலியாக இருந்த தலித். வெள்ளைக்காரர்களுக்குப் பந்து வீசி வீசியே கற்றுக்கொண்டு 1911 இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட் எடுத்தார். பூனாவில் பந்து போட விட்டார்கள், மட்டையைக் கையில் கொடுக்கவில்லை. இந்துக்கள் அணியில் ஆடியபோது அவருக்குத் தேநீர் வெளியே, மண் குவளையில்.

இன்றைக்குச் சில கல்லூரிகள் செய்வதும் அதுதான். கோப்பைக்குக் கால் வேண்டும், அந்தக் காலுக்குரியவன் தேறினானா என்பது அவர்கள் கவலை இல்லை. மூணு வருஷம் ஆடிவிட்டு எட்டுப் பாடம் அரியரோடு வெளியே நிற்கிறவர்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். எனவே தேர்வான அன்றைக்கே, பாரத்தில் கையெழுத்துப் போடுமுன், உங்க அப்பாவையோ ஒரு தோழரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு கேள்: போட்டிக்குப் போன நாளுக்கு வருகைப் பதிவு உண்டா? விட்டுப்போன தேர்வை மறுபடி வைப்பீர்களா? கால் உடைந்தால் மருத்துவச் செலவு யாருடையது, சீட்டு இருக்குமா போகுமா? பதிலை எழுதி வாங்கு.