ஏறும் முன் நிற்கக் கற்போம்

அறுபதைத் தாண்டியவர்களுக்கு டாக்டரும் சரி, பிள்ளைகளும் சரி, சொல்வது ஒன்றுதான்: "நடங்க." நல்ல யோசனைதான், மறுக்கவில்லை. ஆனால் எங்கே நடப்பது? எங்கள் தெருவில் நடைபாதையின் பாதியை இருசக்கர வண்டிகள் பிடித்துக்கொண்டன. மீதிப் பாதியில் கல் பெயர்ந்து கிடக்கிறது. விடியற்காலையில் போனால் நாய்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை. ரேஸ்கோர்ஸ் பக்கம் வீடு வைத்திருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். கோவையில் மற்றவர்கள் எல்லோரும் அங்கே தினமும் ஆட்டோ பிடித்துப் போய் நடந்துவிட்டு வர முடியாது.

அதனால்தான் எலிப்டிகல் என்ற கருவிக்காக இன்று கொஞ்சம் வாதாடப் போகிறேன். ஜிம்களில் ட்ரெட்மில்லுக்குப் பக்கத்தில் நிற்குமே, இரண்டு பெரிய பெடலும் இரண்டு நீளமான கைப்பிடியும் உள்ளது, அதுதான். பல வீடுகளில் பிள்ளைகள் அமெரிக்காவிலிருந்து பணம் அனுப்பி வாங்கிக் கொடுத்து, இப்போது அதில் துண்டு காய்கிறது.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. எங்கள் குடியிருப்பில் 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் ஜிம்முக்குள் வரக் கூடாது என்று ஒரு தீர்மானம் கொண்டுவரப் போகிறார்கள். சமீபத்தில் ஒரு பெரியவர் எலிப்டிகலிலிருந்து இறங்கும்போது தடுமாறி முழங்கையைச் சிராய்த்துக்கொண்டார். பெரிய அடி இல்லை. ஆனாலும், "எதுக்குங்க வம்பு, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?" என்று ஆரம்பித்துவிட்டார்கள். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் நான் இதை எதிர்க்கிறேன். அந்தப் பெரியவர் விழுந்தது வயதால் அல்ல. எப்படி இறங்க வேண்டும் என்று அவருக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை, அதனால்தான்.

ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவில் 31 வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். முதல் நாள் அரத்தைக் கையில் கொடுக்க மாட்டேன். முதலில் நிற்கச் சொல்வேன். வைஸின் மேல்பக்கம் முழங்கை உயரத்தில் இருக்கிறதா, கால்கள் சரியான அகலத்தில் இருக்கின்றனவா, உடம்பு இரண்டு காலிலும் நிற்கிறதா என்று பார்ப்பேன். "எப்ப சார் ராவறது?" என்று பையன்கள் முணுமுணுப்பார்கள். சரியாக நிற்காதவன் ராவினால் அரம் ஊஞ்சல் மாதிரி ஆடும், பரப்பு நடுவில் மேடு தட்டும், மதியத்துக்குள் இடுப்பைப் பிடித்துக்கொள்வான். கை செய்கிற தப்பைக் காலில் தேடு என்பது எங்கள் பாடம். எலிப்டிகலுக்கும் அதே பாடம்தான்.

கருவியை முதலில் புரிந்துகொள்வோம். இது பழைய சாமான் இல்லை. 1990களில்தான் வந்தது. அமெரிக்காவின் பிரிகோர் நிறுவனம் 1995இல் விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஜிம்களில் பரவியது. பாதம் போகிற வழி வட்டமும் இல்லை, நேர்க்கோடும் இல்லை, நீள்வட்டம். அதனால் அந்தப் பெயர். உள்ளே கனமான ஒரு ஃப்ளைவீல் சுற்றுகிறது. பெரும்பாலான கருவிகளில் அதன் பக்கத்தில் ஒரு காந்தம் இருக்கும். பொத்தானை அழுத்தினாலோ திருகினாலோ காந்தம் ஃப்ளைவீலை நெருங்கும், சுற்றுவது கடினமாகும். அதைத்தான் ரெசிஸ்டன்ஸ் என்கிறார்கள்.

நமக்கு இதில் என்ன லாபம்? ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை காலில் வந்து மோதுகிறது. எலிப்டிகலில் பாதம் பெடலை விட்டு எழுவதே இல்லை. எழாத பாதம் எப்படி மோதும்? மூச்சுக்கும் இதயத்துக்கும் வேலை கிடைக்கிறது, முழங்காலுக்கு இடி கிடையாது. சைக்கிளைப் போல உட்காருவதும் இல்லை. நின்றுகொண்டே செய்கிறோம், கையும் சேர்ந்து வேலை செய்கிறது.

ஆனால் இதெல்லாம் நேராக நின்றால்தான். எங்கள் ஜிம்மில் ஒரு வாரம் உட்கார்ந்து கவனித்தேன். பத்துப் பேரில் இரண்டு மூன்று பேர்தான் ஒழுங்காக நிற்கிறார்கள். வயசான நாம் மட்டும் என்று நினைக்க வேண்டாம், வாலிபர்களும் இப்படித்தான்.

முதல் தப்பு, கைப்பிடியில் தொங்குவது. வீட்டில் எடை பார்க்கும் கருவியில் ஏறி நின்று, பக்கத்து மேஜையைக் கையால் அழுத்திப் பாருங்கள். எடை குறையும். எலிப்டிகலிலும் அதேதான். கை சுமக்கிற அளவுக்குக் கால் சும்மா இருக்கிறது. திரையில் ஓடும் கலோரிக் கணக்கு மட்டும் இதைக் கண்டுகொள்ளாமல் ஏறிக்கொண்டே போகும். அந்த எண்ணை நம்பி இன்னொரு போண்டா சாப்பிட வேண்டாம். கைப்பிடி தடுமாறாமல் இருப்பதற்கு, சாய்ந்துகொள்வதற்கு அல்ல. பூனைக்குட்டியைப் பிடிக்கிற மாதிரி பிடித்தால் போதும்.

இரண்டாவது, குனிவது. பெடலைப் பார்ப்பது, செல்போனைத் திரைக்கு முன்னால் வைத்துச் சீரியல் பார்ப்பது. மனிதத் தலை ஏறக்குறைய ஐந்து கிலோ. அது தோளுக்கு நேர் மேலே இருந்தால் முதுகெலும்பு சுமக்கிறது. முன்னால் தொங்கினால் பின்கழுத்துத் தசைதான் இழுத்துப் பிடிக்க வேண்டும். அரை மணி நேரம் அப்படிச் செய்துவிட்டு, "மெஷின்ல போனேன், கழுத்து வலி வந்துருச்சு" என்கிறார்கள். பார்வை எதிர்ச்சுவரில் இருக்கட்டும். காது, தோள், இடுப்பு மூன்றும் தூக்குக்குண்டு விட்ட மாதிரி ஒரே கோட்டில் வர வேண்டும். தோள் காதை நோக்கி ஏறக் கூடாது. வயிற்றை இலேசாக உள்ளிழுத்துக்கொண்டால் இடுப்பு தானாக நேராகும்.

மூன்றாவது, முன்பாதத்தில் மட்டும் நிற்பது. குதிகால் தூக்கிக்கொண்டே இருந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், விரல்கள் மரத்துப் போகும். முழுப் பாதமும் பெடலில் இருக்க வேண்டும், பாரம் நடுப்பாதத்திலும் குதிகாலிலும் விழ வேண்டும். ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டாதீர்கள். செருப்போடும் வெறுங்காலோடும் ஏறவே ஏறாதீர்கள். சர்க்கரை உள்ளவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் உரசலும் கொப்புளமும் தெரியாது. முடித்ததும் பாதத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

நான்காவது, முழங்கால். அது கால்விரல் காட்டும் திசையிலேயே போக வேண்டும். உள்பக்கமாக ஒன்றோடொன்று முட்டக் கூடாது. கீழே போகும்போது காலை விறைப்பாக நீட்டிப் பூட்டவும் கூடாது.

ஐந்தாவது, ரெசிஸ்டன்ஸே இல்லாமல் சுற்றுவது. லேசாக இருக்கிறதே என்று வேகமாகச் சுற்றுவார்கள். அப்போது நாம் ஃப்ளைவீலைச் சுற்றவில்லை, ஃப்ளைவீல் நம்மைச் சுற்றுகிறது. உடம்பு குலுங்கும், நிலை தவறும். காலுக்குக் கொஞ்சம் பிடிமானம் தெரிகிற அளவுக்குப் பளு வைத்து, மெதுவாகச் சுற்றுவதுதான் பாதுகாப்பு.

இப்போது ஏறுவது, இறங்குவது. விழுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் விழுகிறார்கள். அசையாத கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆடுகிற நீளக் கைப்பிடியைப் பிடித்து ஏறக் கூடாது. கீழே இருக்கும் பெடலில் முதல் காலை வையுங்கள். மேலே இருக்கும் பெடலில் வைத்தால் உங்கள் எடைக்கு அது சட்டென்று கீழே இறங்கும், தடுமாற்றம் நிச்சயம். கீழே இருப்பது அதற்கு மேல் இறங்க வழியில்லை. ஏறி நின்று, நிதானம் வந்த பிறகுதான் சுற்ற வேண்டும். இறங்கும்போது ஃப்ளைவீல் முழுதாக நிற்கும்வரை காத்திருங்கள். பாரம் கீழ்ப் பெடலில் இருக்கட்டும், மேல் பெடலில் உள்ள காலை எடுத்து முதலில் தரையில் வையுங்கள். அவ்வளவுதான். எங்கள் பெரியவர் சுற்றுகிற பெடலிலிருந்து, பஸ்ஸிலிருந்து இறங்குகிற மாதிரி இறங்கினார்.

எவ்வளவு நேரம்? உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடற்பயிற்சி சொல்லப்பட்டிருக்கிறது. அது போய்ச் சேர வேண்டிய ஊர். முதல் நாளே சேர வேண்டியதில்லை. முதல் வாரம் ஐந்து நிமிடம் போதும். தோரணை கலைந்தால் அதோடு நிறுத்திவிடுங்கள். கூன் விழுந்த இருபது நிமிடத்தை விட நிமிர்ந்த ஐந்து நிமிடம் மேல்.

வேகம் சரியா என்று பார்க்க எளிய வழி: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பேச்சே திணறினால் அதிகம். பாட்டே வந்தால் போதாது. திரையில் காட்டும் இதயத்துடிப்புக் கணக்கை நம்மில் பலர் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் துடிப்பு அந்த அளவுக்கு ஏறாது. எண்ணைத் துரத்திப் போனால் ஆபத்து. ஸ்டென்ட் வைத்தவர்கள், மூட்டு மாற்று அறுவை செய்தவர்கள், அடிக்கடி தலைசுற்றல் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஏற வேண்டாம். நெஞ்சு அடைத்தாலோ கண் இருட்டினாலோ உடனே நிறுத்த வேண்டும்.

எலிப்டிகலே போதும் என்றும் நான் சொல்லவில்லை. கைப்பிடியோடு செய்வதால் தனியாக நிலைநிற்கும் பழக்கம் இதில் அதிகம் வராது. அதே வழிகாட்டுதல் தசைக்கு வாரம் இரண்டு நாளாவது, சமநிலைக்கு மூன்று நாளாவது பயிற்சி வேண்டும் என்கிறது. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, சமையலறை மேடையைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது, இதற்கெல்லாம் காசும் வேண்டாம், ஜிம்மும் வேண்டாம்.

சங்கத்துக்கு நான் சொல்ல விரும்புவது இது. வயதானவர்களை ஜிம்முக்கு வெளியே நிறுத்தினால் அவர்கள் விழாமல் இருந்துவிடுவார்களா? வீட்டுச் சோபாவிலேயே உட்கார்ந்து கால் வலுவிழந்து, பிறகு குளியலறையில் விழுவார்கள். அது சங்கத்தின் கணக்கில் வராது, அவ்வளவுதான் வித்தியாசம். தடை போடுவதற்குப் பதிலாக, ட்ரெய்னர் தம்பி இரண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்களுக்கு ஏறவும் இறங்கவும் நிற்கவும் சொல்லிக் கொடுக்கட்டும். நாலு வரி பெரிய எழுத்தில் தமிழில் எழுதிக் கருவிக்கு எதிரே ஒட்டட்டும். பக்கவாட்டில் ஒரு கண்ணாடி வைக்கட்டும், கூன் விழுவது நமக்கே தெரியும். தனியாக யாரும் செய்யக் கூடாது, இரண்டு பேராக வர வேண்டும் என்று விதி போட்டால் அதை நானே வழிமொழிவேன்.

"இந்த வயசுல இதெல்லாம் புதுசா கத்துக்கணுமாங்க?" என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பேரன் பேத்தியோடு வீடியோ காலில் பேச இந்த வயதில்தான் கற்றுக்கொண்டோம். நேராக நிற்பது அதை விடக் கடினமில்லை. துண்டை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டு, பக்கத்தில் ஒருவரை நிற்க வைத்துக்கொண்டு, கீழ்ப் பெடலில் முதல் காலை வையுங்கள்.