பேய் விருந்தும் பெரியவங்க அழிச்சாட்டியமும்

மக்களே, வழக்கமா ஆணி புடுங்கின நேரம் போக மொக்கை போடற ஆளு நான். இன்னிக்கு கொஞ்சம் சூடா எழுதப் போறேன், பொறுத்துக்கங்க.

இங்க நியூஜெர்சியில அக்டோபர் பொறந்தாலே நம்ம மக்கள் வீட்டுல குழந்தைங்களுக்காக ஹாலோவீன் விருந்துன்னு கிளம்பிடறாங்க. வாசல்ல பூசணிக்காய் விளக்கு, சுவத்துல சிலந்தி வலை, மேசையில எலும்புக்கூடு. நல்லது. "நம்ம பண்டிகையா இது?"ன்னு கேக்கற கோஷ்டியில நான் இல்ல. கூடப் படிக்கற பசங்க எல்லாம் கொண்டாடும்போது நம்ம புள்ளை மட்டும் ஜன்னல் வழியா வேடிக்கை பாக்கணுமா என்ன?

என் சண்டை வேற. அந்த விருந்து குழந்தைங்களுக்கா, இல்ல குழந்தைங்களை வச்சு நமக்கா?

போன வருஷம் கூட வேலை பாக்கற ஒரு அண்ணன் வீட்டு விருந்துக்குப் போயிருந்தேன். சாப்பாட்டுக்கு நடுவுல விளக்கை அணைச்சாங்க. அண்ணன் முகமூடி மாட்டிக்கிட்டு பின்னாடி வந்து, நாலு வயசு மக காதுகிட்ட கத்தினார். புள்ளை வீல்னு அலறி, தட்டைத் தட்டி விட்டு, உடுப்பை நனைச்சுடுச்சு. சுத்தி இருந்தவங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அஞ்சு நிமிஷத்துல வாட்ஸப் குழுவுல வீடியோ. நானும்தான் சிரிச்சேன், ஒத்துக்கறேன்.

அரை மணி நேரம் கழிச்சு அண்ணன் முகமூடியைக் கழட்டிட்டு எதிர்லயே உக்காந்து சாப்பிடறார். அவ என்கிட்ட வந்து மெதுவா கேட்டா: "சித்தப்பா, அப்பா மறுபடியும் அப்படி ஆயிடுவாங்களா?"

அதுக்கு மேல எனக்கு சோறு எறங்கல.

கவனிங்க. 'போட்டுக்குவாங்களா'ன்னு கேக்கல, 'ஆயிடுவாங்களா'ன்னு கேட்டா. 1969ல ரீட்டா டிவ்ரீஸ்னு ஒரு உளவியல் ஆய்வாளர் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. மேனார்ட்னு ஒரு சாதுவான பூனை. அதை முதல்ல குழந்தைங்களைத் தடவிப் பாக்க விட்டாங்க. அப்புறம் அதோட தலைக்கு நாய் முகமூடி மாட்டிக் காட்டினாங்க. 3 வயசுப் பசங்க நிறைய பேர் பூனை நெசமாவே நாயா மாறிடுச்சுன்னு நம்பினாங்க. 6 வயசுப் பசங்க பெரும்பாலும் அசரல. அதாவது நமக்கு ரப்பர் முகமூடி, ஆனா சின்னப் புள்ளைக்கு அப்பாவே காணாமப் போன மாதிரி. இதுல என்னய்யா காமெடி?

"பயம் பழகணும்ல? நாங்க எல்லாம் பூச்சாண்டி பாத்து வளரலையா?"ன்னு கிளம்பி வருவாங்க. வளந்தோம். 'சாப்பிடலைன்னா பூச்சாண்டிகிட்ட புடிச்சுக் குடுத்துருவேன்'னு மிரட்டி ஊட்டினாங்க. அது சௌகரியம், வளர்ப்பு இல்ல. அமெரிக்காக்காரனும் ஒண்ணும் யோக்கியம் இல்ல. 2011ல ஜிம்மி கிம்மல் டிவி ஷோவுல 'உன் மிட்டாயெல்லாம் நான் தின்னுட்டேன்னு புள்ளைகிட்ட சொல்லுங்க, அதை வீடியோ எடுத்து அனுப்புங்க'ன்னாரு. அழற முகத்தைப் பாத்து ஊரே சிரிச்சுது.

பயமே வேண்டாம்னு சொல்லல. பேய்க்கதை கேக்காத புள்ளை உண்டா? ஆனா 'போதும்'னு சொன்னா நிக்கணும். கேன்சல் பட்டன் இல்லாம நாம சாஃப்ட்வேர் குடுப்போமா?

சரி, என்னதான் பண்றது? ரொம்ப சிம்பிள். பசங்களை சமையக்கட்டுக்குள்ள விடுங்க. சாயங்காலம் நாலு மணிக்கே ஆரம்பிங்க. மைதா மாவை ரிப்பனா வெட்டி, சாசேஜ் இல்லாட்டி பன்னீர் துண்டைச் சுத்தி ஓவன்ல வச்சா மம்மி ரெடி. அவிச்ச முட்டை மேல வட்டமா வெட்டின ஆலிவ் வச்சா கண்ணு. இடியாப்பத்துல பீட்ரூட் சாறு ஊத்தினா ரத்தப் புழு. உரிச்ச திராட்சையை ஒரு டப்பாவுல போட்டு, பெரியவங்க கண்ணைக் கட்டித் தொட விடட்டும். நீங்க அலறுங்க. அவங்க சிரிக்கட்டும். ரத்தம்னா பீட்ரூட்னு தெரிஞ்ச புள்ளை நிம்மதியா சாப்பிடும்.

முகமூடியை முன்னாடியே கையில குடுத்துடுங்க. தொட்டுப் பாத்து, தானும் மாட்டிப் பாக்கட்டும். விளக்கை முழுசா அணைக்க வேண்டாம். சின்னப் பசங்களுக்கு முழுத் திராட்சை தராதீங்க, தொண்டையில அடைக்கும், நீளவாக்குல நாலா வெட்டுங்க. புகை வரணும்னு டிரை ஐஸ் வாங்கறவங்களுக்கு: அது மைனஸ் 78 டிகிரி. கையாலயும் தொடக் கூடாது, குடிக்கற டம்ளர்லயும் போடக் கூடாது. ஆறு மணி வாக்குல இருட்டிடும், அதுக்குள்ள சாப்பாட்டை முடிச்சா வயித்துல எதையாவது போட்டுக்கிட்டு மிட்டாய் வசூலுக்குப் போகும்.

அந்த அண்ணனும் இந்தப் பக்கம் வந்து படிப்பார்னு தெரியும். அண்ணே, கோச்சுக்காதீங்க. இந்த வருஷம் அவ முகமூடி போடட்டும், நீங்க பயப்படுங்க. அந்த வீடியோவை மட்டும் அழிச்சுடுங்க.

டிஸ்கி: "கல்யாணமே ஆகல, புள்ளை வளக்கறதைப் பத்தி பேச வந்துட்டான்"னு கும்ம நினைக்கறவங்க தாராளமா கும்முங்க. அவ கேட்ட கேள்விக்கு பதில் சொல்லிட்டு கும்முங்க :-)